மொட்டைமாடியில் நான் செய்தது

வெயிலில் கரண்ட் எடுக்கும் தகட்டுக்கு வெயில் வேண்டும், ஆனால் சூடு ஆகாது. இதை யாருக்குச் சொன்னாலும் முதலில் என்னை ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். வெயில் வேண்டுமாம், சூடு வேண்டாமாம், இவளுக்கு என்ன கழன்றுவிட்டதா என்று. என் கணவரும், பற்றிக் என்று பெயர், அப்படித்தான் பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகியும் அவருக்கு ஒரு ஃபியூஸ் மாற்றத் தெரியாது என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயம் இவ்வளவுதான். கொழும்பு வெயிலில் நண்பகலில் அந்தத் தகட்டின் முதுகைத் தொட்டால் கை பொசுங்கும். சூடு ஏற ஏற அது தருகிற கரண்ட் குறையும். விற்றவன் சொன்ன அளவில் ஐந்தில் ஒரு பங்கு, பகல் ஒரு மணிக்குக் காணாமல் போய்விடும். நான் மீற்றர் வைத்து ஒரு மாதம் அளந்து பார்த்தேன். வெயில் உச்சியில் நின்று கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இந்தச் சோம்பேறித் தகடு வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே தகட்டின் முதுகில் செப்புக் குழாயை வளைத்து வளைத்துப் பதித்து, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டேன். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டது, தகடு குளிர்ந்தது. இளஞ்சூடாக வெளியே வந்த அதே தண்ணீரைப் பக்கத்தில் கண்ணாடி மூடிய ஒரு கறுப்புப் பெட்டிக்குள் அனுப்பினேன். அங்கே அது இன்னும் சூடேறித் தண்ணீர்த் தாங்கிக்குப் போனது. ஒரே வெயிலில் கரண்டும் வந்தது, வெந்நீரும் வந்தது. இரண்டையும் தனித்தனியாகச் செய்வதற்குக் கடைகளில் சாமான் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒன்றுக்கொன்று உதவ வைத்தது நான். தகடு சூடாகினால் பம்ப் தானாக ஓடும், ஆறினால் தானாக நிற்கும். காணாமல் போன ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய முழுவதும் திரும்பி வந்த அன்று, மொட்டைமாடியில் தனியாக நின்று சிரித்தேன்.

இதெல்லாம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நடந்தது. மேல் மாடி வீடு எங்களுடையது. எங்களுக்குக் கீழே மர்லியாவும் அவளுடைய கணவர் பலீலும் கைக்குழந்தையோடு இருந்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட மர்லியா பின்னேரம் ஒரு வாளி வெந்நீர் எடுத்துப் போவாள். அந்தக் கட்டடத்தில் என் வேலையை மதித்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான், அதுவும் சுடுதண்ணீருக்காக.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும். பெயர் மரியகொறற்றி. பிறந்தது கொட்டாஞ்சேனை. பௌதிகவியலில் பட்டம் எடுத்து, ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் ஆறு வருடம் வேலை செய்தேன். இரண்டாயிரத்து ஏழில் ஒருநாள் கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில் என் கைப்பையைத் திறந்தார்கள். உள்ளே ஈயம் உருக்கி ஒட்டுகிற கோலும் ஒரு சுருள் வயரும் இருந்தன. கல்லூரிச் சாமான், வீட்டில் பழுது பார்க்க எடுத்துப் போகிறேன் என்றேன். நாலு மணித்தியாலம் ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். பற்றிக் வந்து, அவருடைய கப்பல் கம்பனிக் கந்தோர் பெரியவர் வந்து, கடைசியில் விட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் பற்றிக் வாய் திறந்தார்.

"கொறற்றி, வேலைய விடு."

"நான் என்ன களவெடுத்தனானா?"

"களவெடுத்திருந்தாப் பரவாயில்ல. உனக்கு வயர் வேலை தெரியும். இப்ப அதுதான் பெரிய குற்றம்."

விட்டேன். அழுதுகொண்டு விட்டேன். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் வீட்டில் யார் யார் இருக்கிறோம், என்ன தொழில் செய்கிறோம் என்று தமிழராகிய நாங்கள் பொலிஸில் பதிய வேண்டும். அடுத்த முறை படிவம் நிரப்பும்போது, எனக்கு நேரே பற்றிக் தன் அழகான கையெழுத்தில் இல்லத்தரசி என்று எழுதினார். படிப்பு என்ற இடத்தில் பத்தாம் வகுப்பு என்று எழுதினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் எழுதினார்கள். எங்களுடைய சனம் படிப்பை ஒளித்து வைத்த காலம் அது, அதற்கு முன் எந்தக் காலத்தில் அப்படிச் செய்தோமோ தெரியாது.

ஆனால் மூளையை எங்கே ஒளிப்பது. அதுதான் மொட்டைமாடிக்கு ஏறியது.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் நான் கடைசியாக ஒரு வேலை செய்தேன். தகட்டிலிருந்து வரும் கரண்டைப் பற்றரியில் சேர்த்து, வீட்டுக் கரண்ட் போனவுடன் நாலு விளக்குகள் தானாகவே பற்றும்படி பூட்டினேன். ஒன்று முன்னறையில், ஒன்று குசினியில், ஒன்று படிக்கட்டில், ஒன்று மொட்டைமாடியில். மெயின் சுவிட்சை இழுத்துக் காட்டினேன். வீடு ஒரு கணம் இருண்டு உடனே வெளிச்சமானது. பற்றிக் கூடக் கைதட்டினார்.

இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. மழை பொய்த்த ஒரு வருடம் நாளுக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கொழும்பில் குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். கரண்ட் போனால் வெளிச்சம் வர வேண்டும் என்பதுதான் எங்கள் மண்டையில் ஊறியிருந்தது. புலிகளின் விமானம் வருகிறது என்றால் முழு நகரத்துக்கும் கரண்டை நிறுத்துவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். முந்திய வருடங்களில் அப்படி இருட்டில் இருந்தும் இருக்கிறோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் புத்தி வரவில்லை. வெயிலின் இரண்டு வேலைகளைச் சேர்க்கத் தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனையில் பற்றிக்கின் அக்கா மாக்ரெட் வீட்டில் இருந்தோம். அக்காவுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டிச் சாப்பாட்டுக்கு இருந்தோம். ஒன்பதரை இருக்கும், கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் துறைமுகப் பக்கமிருந்து துவக்குகள் வானத்தை நோக்கி வெடிக்கத் தொடங்கின. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. திருஇருதயப் படத்துக்கு முன்னால் ஏற்றியிருந்த மெழுகுதிரியை மாக்ரெட் விரலால் நசித்து அணைத்தார். எல்லோரும் நிலத்தில் இருந்தோம். பற்றிக் யன்னல் ஓரமாக எட்டிப் பார்த்தார்.

"முழுக் கொழும்பும் இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல."

அவர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

"என்னப்பா," என்றேன். "எங்கட வீட்டில லைட் எரியுது."

"உனக்கென்ன பைத்தியமா. கரண்ட் இல்லையே."

"அதாலதான் எரியுது."

பற்றிக்கின் முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு விடுவதை நிறுத்தியது மட்டும் கேட்டது.

என் கைத்தொலைபேசி அடித்தது. மர்லியா. பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"அக்கா, எங்க ஈக்கிறீங்க? ஒங்கட ஊட்டுல லைட் பத்துது. மேல மொட்டமாடியிலயும் பத்துது. ரோட்டுல ஆக்கள் நின்டு ஏசுறாங்க. யாரோ பிளேனுக்கு லைட் காட்டுறாங்கன்டு சொல்றாங்க."

"மர்லியா, பலீல் தம்பிய மேல போய் அந்த பல்பை உடைக்கச் சொல்லுங்கோ."

"அவர் போய்ப் பாத்தார் அக்கா. மேல் கதவுல ஒங்கட பூட்டு தொங்குது. ஊட்டுக் கதவும் பூட்டு."

மொட்டைமாடிக் கதவுக்குப் பெரிய பூட்டுப் போட்டது நான்தான். பக்கத்து வீட்டார் துணி காயப்போட வந்து என் குழாயில் கை வைத்துவிடுவார்கள் என்று. இரண்டு சாவியும் என் கைப்பைக்குள் இருந்தன. நான் பதில் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தேன், எடுத்தேன், கிடைக்கவில்லை.

இருட்டில் இருந்துகொண்டு கணக்குப் பார்த்தேன். மற்றவர்களுடைய தகடு என்றால் பற்றரி அரைகுறையாக நிரம்பிச் சீக்கிரம் படுத்துவிடும். என் தகடு பகல் முழுவதும் குளிர்ந்து வேலை செய்து, பற்றரியை விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தது. நாலு விளக்கும் விடியும்வரை எரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் செய்த ஒரு சாமான் பழுதாகிப் போக வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். அது பழுதாகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு ஊருக்குக் கரண்ட் வந்தது. அங்கே நாலு விளக்கும் தானாக அணைந்திருக்கும். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வீதிகளை மூடிவிட்டார்கள், விடியும்வரை அசைய முடியவில்லை. ஓடிவிடுங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள் என்று மாக்ரெட் சொன்னார். எங்கே ஓடுவது? ஓடினால் செய்தோம் என்று ஆகிவிடும். போய் உண்மையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள் என்று நான் சொன்னேன். நான் அப்படிப்பட்ட ஆள், எதையும் ஒழுங்காக விளக்கினால் உலகம் விளங்கிக்கொள்ளும் என்று நம்புகிறவள்.

காலையில் போனபோது எங்கள் வீட்டுக் கதவு உடைந்து கிடந்தது. முன்னறை நிலத்தில், எங்கள் கட்டில் விரிப்பின் மேல், நான் இரண்டு வருடமாகச் செய்ததெல்லாம் பிரித்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. தகடு, செப்புக் குழாய், பம்ப், பற்றரி, சூடு பார்த்துத் தானாக வேலை செய்யும் சுவிட்ச், நிறம் நிறமாக வயர். மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தபோது அது எனக்கு அழகாக இருந்தது. அந்த விரிப்பில் பார்த்தபோது எனக்கே பயம் வந்தது. பிடிபட்ட குண்டுச் சாமான் என்று பேப்பரில் எத்தனை தடவை இப்படிப் படம் பார்த்திருக்கிறோம்.

ஓர் இன்ஸ்பெக்டர் கதிரையில் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், அமைதியான மனிதர். கையில் எங்களுடைய படிவம். கேள்வி எல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது.

"கணவன் கப்பல் கம்பனியில் எழுத்தர். மனைவி பத்தாம் வகுப்பு, இல்லத்தரசி," என்று வாசித்தார். விரிப்பைக் காட்டினார். "அப்படியென்றால் இதைச் செய்தது யார்?"

நான் வாய் திறந்தேன். எனக்கு முன்னால் பற்றிக் சொல்லிவிட்டார்.

"நான் செய்தேன்."

திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. ஃபியூஸ் மாற்றத் தெரியாத மனிதர், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் போல நின்றார். எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கும்போது மர்லியா தன் வீட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தாள், பிறகு மூடினாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை.

பொலிஸ் நிலையத்தில் என்னை வெளியே வாங்கில் இருத்திவிட்டு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"இது எப்படி வேலை செய்கிறது?"

"வெயில் தகட்டில் படும்," என்றார் பற்றிக். "தண்ணீர் குழாயில் ஓடும். அந்தத் தண்ணீரிலிருந்து கரண்ட் வரும்."

"தண்ணீரிலிருந்தா?"

"ஓம். தண்ணீர் சூடாகி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் இந்த மனிதருக்கு ஒவ்வொரு இரவும் சோற்றோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். ஒரு வசனம் மண்டையில் ஏறவில்லை. அந்த இடத்திலும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"அந்தச் சின்னச் சுவிட்ச் எதற்கு?"

"விளக்குப் போடுவதற்கு," என்றார் பற்றிக்.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. "இதைச் செய்தவன் நீ இல்லை," என்றார். "உன் வீட்டுக்கு வந்து யாரோ செய்து தந்திருக்கிறான். அவனுடைய பெயரைச் சொல். பன்னிரண்டு மணிக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். அதற்குள் சொல்லாவிட்டால் உன்னை அவர்களிடம் கொடுக்க வேண்டிவரும். பிறகு என் கையில் ஒன்றும் இல்லை."

அந்தக் காலத்தில் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அப்படிக் கொண்டுபோன ஆள் திரும்பி வருவதில்லை. சுவரில் மணிக்கூடு பத்தே கால் காட்டியது. இல்லாத ஒரு மனிதனுடைய பெயரைப் பற்றிக் எப்படிச் சொல்வார்? நான் எழும்பி உள்ளே போனேன்.

"இதைச் செய்தது நான்," என்றேன்.

"கொறற்றி, நீ வெளியில போ," என்றார் பற்றிக் தமிழில். "ஒண்டும் கதையாத. உன்னக் கும்பிடுறன்."

இன்ஸ்பெக்டர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார். "நோனா பத்தாம் வகுப்பு," என்றார். நோனா என்றால் சிங்களத்தில் அம்மணி.

"அது பொய். பயத்தில் எழுதினது. நான் பௌதிகவியல் பட்டதாரி. ஒரு தாளும் பேனையும் தாருங்கள்."

அவர் தந்தார். நம்பித் தரவில்லை, பார்ப்போமே என்றுதான் தந்தார். நான் தகட்டை வரைந்தேன், முதுகில் குழாயை வரைந்தேன், கண்ணாடிப் பெட்டியை வரைந்தேன். சூடு ஒரு பாகை ஏறினால் எவ்வளவு கரண்ட் குறையும் என்று எழுதினேன். தண்ணீர் எவ்வளவு வேகத்தில் ஓடினால் போதும் என்று கணக்குப் போட்டேன். சுவிட்ச் எதற்கு, பெட்டி எதற்கு, நாலு விளக்கும் ஏன் தானாக எரிந்தன, நாங்கள் ஏன் அந்த நேரம் வீட்டில் இல்லை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கதிரையை முன்னால் இழுத்தார்.

"நானும் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்தவன்," என்றார். "தண்ணீரைக் கூட்டி ஓடவிட்டால் தகடு இன்னும் குளிருமே. ஏன் விடவில்லை?"

நல்ல கேள்வி. இரண்டு வருடமாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. "அப்படி விட்டால் தகட்டுக்கு நல்லது, ஆனால் தண்ணீர் சூடாகாது," என்றேன். "ஒன்றுக்கு லாபமானது மற்றதற்கு நட்டம். இரண்டுக்கும் பொருத்தமான இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு எட்டு மாதம் போனது."

அவர் தலையாட்டினார். தாளைத் தன் பக்கம் திருப்பி மெதுவாகப் பார்த்தார். "உண்மைதான். இதை நோனாதான் செய்திருக்கிறீர்கள்," என்றார். பற்றிக் ஒரு நீண்ட மூச்சு விட்டார். எனக்குக் கண்ணீர் வந்தது. பார்த்தீர்களா, ஒழுங்காக விளக்கினால் விளங்கிக்கொள்வார்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இன்னொன்று," என்றார் இன்ஸ்பெக்டர், சுவிட்சைப் படத்தில் தொட்டுக்கொண்டு. "இது சூடு ஏறினால் வேலை செய்கிறது. மற்றது கரண்ட் போனால் வேலை செய்கிறது. இதை ஒரு நேரத்துக்கு வேலை செய்யப் பண்ணலாமா? இத்தனை மணி என்று வைத்துவிட்டு?"

"அது இதைவிட லேசு," என்றேன். "ஒரு சின்ன மணிக்கூடு போதும். அரை மணித்தியாலத்தில் செய்துவிடுவேன்."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் பேனையை நிறுத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பற்றிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சொன்னது என் காதுக்குள் திரும்ப ஒருமுறை கேட்டது, அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. நேரம் வைத்து வெடிக்கிற குண்டுக்கும் அதே சின்ன மணிக்கூடுதான்.

இன்ஸ்பெக்டரின் முகத்தில் கோபம் இல்லை. வலை விரித்துப் பிடித்த சந்தோஷமும் இல்லை. அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார், அறிந்ததும் அவருக்கே அது பாரமாகிவிட்டது. படிவத்தையும் நான் வரைந்த தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஊசி குத்தினார்.

"ஐயா வீட்டுக்குப் போகலாம்," என்றார் பற்றிக்கிடம். "ஒரு கையெழுத்து வைத்துவிட்டுப் போங்கள். நோனா இருக்கட்டும்."

பற்றிக் எழும்பவில்லை. இன்னொரு முறை சொன்னார்கள், அப்போதும் எழும்பவில்லை. இரண்டு பொலிஸ்காரர்கள் அவருடைய தோளைப் பிடித்துத் தூக்கி வாசல்வரை கொண்டுபோனார்கள். அங்கே கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான்தான் செய்தேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது, தண்ணீரிலிருந்துதான் கரண்ட் வருகிறது என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நின்றார். ஒருவரும் அவரை நம்பவில்லை.